மனப்பாடத்தை மீறிய மாதரசி மிலதா ஹொராகோவா

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே, எத்திசையிலும் கடலைக் காணாது அமைந்த சிறிய நாடு செக் நாடு. இருபதாம் நூற்றாண்டில் அம்மண்ணில் பிறந்த ஒருவர், தாம் வாழ்ந்த தெருவை விட்டு நகராமலேயே பல ஆட்சிகளைக் கண்டார். ஆஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசின் குடிமகனாகப் பிறந்தார். 1918இல் செக்கோஸ்லோவாக்கியக் குடியரசின் குடிமகன் ஆனார். 1939இல் ஹிட்லரின் படையின்கீழ் அடிமைப்பட்டார். 1945இல் விடுதலை பெற்றார். 1948இல் மீண்டும் ஒரு கட்சியின் தனியாட்சிக்கு உட்பட்டார். இவை அனைத்தையும் கண்டு, நாஜிகளின் சிறையில் ஐந்தாண்டுக் காலம் வாடி, அதிலிருந்து உயிரோடு மீண்டு, தம் சொந்த நாட்டு நீதிமன்றத்தாலேயே தூக்கிலிடப்பட்டவர் வழக்கறிஞர் மிலதா ஹொராகோவா அம்மையார். நம் மாணவர் பலருக்கு இப்பெயர் புதிதாக இருக்கலாம். அவர் நாட்டில் இப்பெயரை அறியாதார் இலர்.

பெயரைப் பற்றி ஒரு சொல் கூறிவிட்டு மேலே செல்வது நலம். செக் மொழியில் குடும்பப் பெயரும் பெண்பால் விகுதி ஏற்கும். ஹொராக் என்பவரின் மனைவி ஹொராகோவா ஆவார். பிறந்த வீட்டில் அம்மையாரின் பெயர் மிலதா க்ராலோவா. அவருடைய தந்தையார் க்ரால். அச்சொல்லுக்கு அரசன் என்பது பொருள். எனினும் அது அரச குடும்பம் அன்று. பென்சில் தயாரிக்கும் தொழிலில் ஈடுபட்டிருந்த நடுத்தரக் குடும்பமே. 1901ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பிராக் நகரில் மிலதா பிறந்தார். உடன்பிறந்தார் இருவரை இளமையிலேயே நோய்க்குப் பறிகொடுத்தார். தங்கை வேரா ஒருத்தியே எஞ்சினார்.

முதல் உலகப் போரின் இறுதியாண்டாகிய 1918இல், பதினாறு வயது மாணவியாக இருந்தபோது, போரை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் மிலதா கலந்துகொண்டார். அதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். ஆட்சியாளருக்கும் அவருக்கும் ஏற்பட்ட முதல் மோதல் இதுவே. வேறொரு பள்ளியில் படிப்பை முடித்து, 1348இல் நிறுவப்பட்ட பழம்பெரும் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, 1926இல் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு போஹுஸ்லாவ் ஹொராக் என்பவரை மணந்தார். 1933இல் யானா என்னும் மகள் பிறந்தாள். அவளே அவர்களின் ஒரே குழந்தை.

சட்டம் பயின்றவர் வழக்காடிப் பொருளீட்டச் செல்லவில்லை. பிராக் மாநகராட்சியின் சமூக நலத்துறையில் பணியேற்றார். வேலையற்றோர், வீடற்றோர், கைவிடப்பட்ட தாய்மார், ஆதரவற்ற குழந்தைகள் ஆகியோரின் குறைகள் நாள்தோறும் அவர் மேசைக்கு வந்தன. அக்காலத்தில் பெண்ணுரிமைக்காகப் பாடுபட்ட பிரான்டிஷ்கா பிளமின்கோவா என்னும் மூதாட்டியார் மகளிர் தேசிய மன்றத்தை நடத்தி வந்தார். அவரையே மிலதா தம் ஆசானாகக் கொண்டார். மணச் சட்டம், குழந்தைகளின் உரிமை, பணிபுரியும் மகளிர் நிலை ஆகியவற்றில் சட்டத்தைச் சீர்திருத்தும் வரைவுகளை ஆயத்தம் செய்வதில் அம்மன்றத்திற்கு உறுதுணையாக நின்றார். அரசியலில் அவர் சேர்ந்த கட்சியின் பெயர் செக்கோஸ்லோவாக்கிய தேசிய சோசலிஸ்டுக் கட்சி என்பதாகும். பெயரை மட்டும் கண்டு, இதனை ஹிட்லரின் கட்சியோடு உறவுடையது என மயங்குதல் கூடாது. இது குடியரசின் நிறுவுநராகிய மசாரிக்கின் வழியைப் போற்றிய மக்களாட்சிக் கட்சி. பின்னாளில் குடியரசுத் தலைவரான எட்வர்ட் பெனெஷும் இக்கட்சியினரே. அம்மையார் செக் சகோதரர் திருச்சபையைச் சேர்ந்த இறைநம்பிக்கையாளர் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பின்வந்த நாள்களில் அவரைத் தாங்கி நின்றவற்றுள் அந்நம்பிக்கையும் ஒன்று.

1938 செப்டம்பர் இறுதியில், பிரிட்டன், பிரான்சு, இத்தாலி, ஜெர்மனி ஆகிய நான்கு நாடுகள் மியூனிக் நகரில் கூடி, செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்கு வழங்கின. நிலத்திற்கு உரிய நாட்டை அழைத்து ஒரு சொல் கேட்கவும் இல்லை. எல்லையிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் பிராக் நகரில் வந்து குவிந்தபோது, அவர்களுக்கு உணவும் உறைவிடமும் தேடிக்கொடுத்தவர்களுள் மிலதாவும் ஒருவர். 1939 மார்ச் 15ஆம் நாள் ஜெர்மானியப் படை தலைநகருக்குள்ளேயே நுழைந்தது.

நாடு வீழ்ந்தபின் மறைவாக இயங்கிய எதிர்ப்புக் குழுக்களோடு அவர் தொடர்பு கொண்டார். செய்தி கடத்துதலும், சிறைப்பட்டோர் குடும்பங்களுக்கு உதவுதலும் அப்பணியில் அடங்கும். 1940 ஆகஸ்டு 2ஆம் நாள் ஹிட்லரின் இரகசியப் போலீசாகிய கெஸ்டபோ கணவன் மனைவி இருவரையும் பிடித்துச் சென்றது. மகளுக்கு அப்போது ஆறு வயது. பிராக் நகரின் பான்கிராட்ஸ் சிறை, பின்னர் தெரேசின் கோட்டை, அதன்பின் ஜெர்மனியின் லீப்சிக், டிரெஸ்டன் என ஒரு சிறையிலிருந்து மற்றொரு சிறைக்கு மாற்றப்பட்டார். அவர் சிறையில் இருந்த காலத்தில்தான் 1942 மே மாதம் நாஜி ஆளுநர் ஹெய்ட்ரிக் பிராக் நகரில் தாக்கப்பட்டு, ஜூன் தொடக்கத்தில் மாண்டார். அதற்குப் பழி வாங்கும் முகத்தான் ஜூன் 10ஆம் நாள் லிடிச்சே என்னும் சிற்றூரில் 173 ஆடவரை நிறுத்திச் சுட்டனர், ஊரையே தரைமட்டமாக்கினர். அம்மாத இறுதியில் அம்மையாரின் ஆசானாகிய பிளமின்கோவாவும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1944 அக்டோபரில் டிரெஸ்டன் நீதிமன்றத்தில் மிலதாவுக்கு மரண தண்டனை வேண்டும் என்று அரசு வழக்குரைஞர் கோரினார். சட்டம் கற்ற அம்மையார் ஜெர்மானிய மொழியிலேயே தமக்காகத் தாமே வாதிட்டார். எட்டு ஆண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. நாஜிகளின் நீதிமன்றத்தில் ஒரு கைதி வாதாடி உயிரைக் காத்துக்கொள்ள முடிந்தது என்பதை மாணவர் நினைவிற் கொள்ள வேண்டும். ஆறாண்டுகளுக்குள் அவர் நிற்கவிருந்த இரண்டாவது நீதிமன்றத்தில் அதற்கும் இடம் இல்லாது போயிற்று. 1945ஆம் ஆண்டு மியூனிக் நகருக்கு அருகிலுள்ள ஐக்காக் சிறையிலிருந்து அமெரிக்கப் படையினரால் விடுவிக்கப்பட்டு, மே மாதம் பிராக் திரும்பினார். கணவரும் உயிருடன் மீண்டார். தாயும் தந்தையும் இன்றி வளர்ந்த யானாவுக்கு அப்போது பதினொரு வயது.

இத்தகைய துன்பத்திற்குப்பின் ஒருவர் வீட்டோடு அமைதியாக இருந்துவிட்டால் அவரைக் குறை கூறுவார் எவரும் இலர். அவரோ உடனே பொதுவாழ்வில் இறங்கினார். நாடாளுமன்ற உறுப்பினராகவும், செக்கோஸ்லோவாக்கிய மகளிர் மன்றத்தின் தலைவராகவும் பணியாற்றினார். 1946இல் நடந்த தேர்தலில் கம்யூனிஸ்டுக் கட்சி நூற்றுக்கு 38 விழுக்காடு வாக்குப் பெற்று முதலிடம் எய்தியது. அதன் தலைவர் கிளெமெண்ட் கோட்வால்ட் பிரதமரானார். இதனை மறைத்தல் நேர்மையாகாது: மியூனிக்கில் மேலை நாடுகளால் கைவிடப்பட்டு, சோவியத்துப் படையால் விடுவிக்கப்பட்ட மக்கள், விரும்பியே அக்கட்சிக்கு வாக்களித்தனர். ஆனால் வாக்குப் பெற்று வந்த கட்சி, மறுமுறை வாக்குக் கேட்கும் நிலையை வைத்துக்கொள்ள விரும்பவில்லை. காவல்துறை முழுவதும் ஒரே கட்சியின் கைக்குப் போவதை எதிர்த்து 1948 பிப்ரவரி 20ஆம் நாள் அமைச்சர் பன்னிருவர் பதவி விலகினர். ஐந்து நாள்களில் நோயுற்றிருந்த குடியரசுத் தலைவர் பெனெஷ் அவ்விலகலை ஏற்றுக்கொண்டார். ஆட்சி முழுவதும் கோட்வால்டின் கைக்கு வந்தது. மார்ச் 10ஆம் நாள் வெளியுறவு அமைச்சர் யான் மசாரிக், தம் அலுவலக மாளிகைச் சாளரத்தின்கீழ் இறந்து கிடந்தார். அதே நாளில் மிலதா தம் நாடாளுமன்றப் பதவியைத் துறந்தார்.

நண்பர் பலர் எல்லை கடந்து மேலை நாடுகளுக்குச் சென்றனர். அவரையும் வருமாறு வேண்டினர். அவர் செல்லவில்லை. சிதறிய மக்களாட்சிக் கட்சியினரோடு தொடர்பு வைத்திருந்தார். வெளிநாடு சென்றோரோடு கடிதத் தொடர்பும் இருந்தது. 1948 செப்டம்பரில் பிராக் அருகிலுள்ள வினோர் என்னும் ஊரில், பங்குக் குருவின் இல்லத்தில் சிலர் கூடி நாட்டு நிலைமையைப் பற்றிப் பேசினர். மிலதாவும் அங்கிருந்தார். துப்பாக்கி இல்லை, படை இல்லை, சதித் திட்டமும் இல்லை. பின்னர் நாட்டையே கவிழ்க்கத் திட்டமிட்ட பெருஞ்சதி என்று புனைந்துரைக்கப்பட்டதற்கு அடிப்படையாக இருந்தவை இத்தகைய சந்திப்புகளே.

1949 செப்டம்பர் 27ஆம் நாள் அவர் தம் அலுவலகத்தில் கைது செய்யப்பட்டார். அன்றே காவலர் வீட்டிற்கும் வந்தனர். கணவர் எவ்வாறோ தப்பி, சில மாதங்கள் மறைந்திருந்து, ஜெர்மனிக்குள் சென்று சேர்ந்தார். பதினைந்து வயது யானா மீண்டும் தாயும் தந்தையும் அற்றவள் ஆனாள். சிற்றன்னை வேராவின் வீடே அவளுக்குப் புகலிடமாயிற்று.

அதன்பின் நடந்தது விசாரணை என்னும் பெயருக்கு உரியதன்று. மாஸ்கோவிலிருந்து லிக்கச்சேவ், மக்காரோவ் என்னும் இரு ஆலோசகர்கள் வந்திருந்தனர். முப்பதுகளில் ஸ்டாலின் தம் எதிரிகள்மீது நடத்திய வழக்குகளின் முறையைச் செக் காவலர்க்குக் கற்பித்தல் அவர்களின் பணி. முறை இதுதான்: உறக்கமின்றி இரவு பகலாக வினவுதல், குடும்பத்தாரைக் காட்டி அச்சுறுத்துதல், உளம் தளர்ந்தபின், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலத்தை வினாவும் விடையுமாக எழுதுதல், அதனைக் கைதி மனப்பாடம் செய்தல், நீதிமன்றத்தில் நீதிபதி வினாவைக் கேட்கும்போது, எழுதிக் கொடுத்த விடையை ஒரு சொல்லும் பிழையாது ஒப்பித்தல். நாடகத்திற்கு ஒத்திகை பார்ப்பதுபோலவே ஒத்திகையும் நடந்தது. கல்லூரியில் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் வழக்கத்தைக் கண்டு நாம் வருந்துவதுண்டு. தாம் செய்யாத குற்றத்தைத் தம் தூக்குத் தண்டனைக்காக மனப்பாடம் செய்யுமாறு வற்புறுத்தப்பட்டோர் வரலாற்றில் உண்டு என்பதை எண்ணும்போது உள்ளம் நடுங்குகிறது.

1950 மே 31ஆம் நாள் வழக்குத் தொடங்கியது. குற்றவாளிக் கூண்டில் பதின்மூவர். பல கட்சியினர், சிலர் ஒருவரையொருவர் அறியாதவர். அறுபத்தேழு வயது முதியவராகிய முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பிரான்யா ஸெமினோவாவும் அவர்களுள் ஒருவர். ஸாவிஷ் கலாந்தரா என்னும் வரலாற்றறிஞர், மாஸ்கோ வழக்குகளைக் கண்டித்ததற்காக 1936இலேயே கம்யூனிஸ்டுக் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்ட மார்க்சியர். ஹிட்லரின் வதை முகாம்களில் அல்லல்பட்டவர். இவர்கள் எல்லாரும் ஒரே சதிக் கூட்டத்தினர் என்று அரசு கூறியது. அவை நிறையத் தொழிற்சாலைகளிலிருந்து அழைத்து வரப்பட்டோர் அமர்ந்திருந்தனர். வழக்கு வானொலியில் ஒலிபரப்பாயிற்று, படமும் எடுக்கப்பட்டது.

மிலதாவின் முறை வந்தது. எழுதிக் கொடுத்த பாடத்தை அவர் அப்படியே ஒப்பிக்கவில்லை. தாம் செய்தவற்றை மறுக்கவும் இல்லை: நண்பர்களைச் சந்தித்ததும், வெளிநாட்டில் இருந்தோரோடு தொடர்பு கொண்டதும் உண்மை என்றார், அவற்றிற்குத் தாமே பொறுப்பு என்றார், பிறர்மீது பழி போட்டுத் தம்மைக் காத்துக்கொள்ள முயலவில்லை. ஆனால் அச்செயலைத் துரோகம் என்றும், உளவு என்றும் ஏற்க மறுத்தார். அரசு வழக்குரைஞர் இடைமறித்தபோதும் குரல் உயர்த்தாமல் வாதிட்டார். மசாரிக்கும் பெனெஷும் கற்பித்த கொள்கையிலேயே தாம் நிற்பதாகவும், இந்நாட்டில் எவரும் தம் கொள்கைக்காகச் சிறை செல்லவோ உயிர் விடவோ கூடாது என்பதே தம் நிலை என்றும் இறுதி உரையில் உரைத்தார். உயிர் பிழைக்க வழி இல்லை என்பதை அறிந்தே இவ்வாறு பேசினார். அரபு மொழியில் சான்று பகர்பவரைக் குறிக்கும் ஷாஹித் என்ற சொல்லும், உயிர்த் தியாகியைக் குறிக்கும் ஷஹீத் என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பதை நம் பெரியோர் அறிவர். கிரேக்க மொழியிலும் இவ்விரு பொருளுக்கும் ஒரு சொல்லே நின்றது. மொழிகள் தற்செயலாக இவ்வாறு அமைவதில்லை.

நீதிமன்றத்திற்கு வெளியே நடந்ததை எண்ணினால் வேதனை இன்னும் மிகுகிறது. தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் கூட்டங்கள் கூட்டப்பட்டன. குற்றவாளிகளுக்குக் கடுந்தண்டனை வழங்க வேண்டும் என்று தீர்மானங்கள் எழுதப்பட்டு, கைகள் உயர்த்தப்பட்டு, நீதிமன்றத்திற்கு அனுப்பப்பட்டன. அவ்வாறு வந்து குவிந்தவை ஆறாயிரத்திற்கும் மேற்பட்டவை. வாசகம் பலவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. கை உயர்த்திய அத்தனை பேரும் கொடியவர் என்று கொள்வதற்கில்லை. உண்மையென நம்பியவர் பலர். பிள்ளைகளின் படிப்பையும் தம் வேலையையும் எண்ணி அஞ்சியவர் பலர். பக்கத்தில் இருப்பவர் கை உயர்த்தினாரே என்று தாமும் உயர்த்தியவர் பலர். ஒரு கொடுங்கோன்மை சிறைச்சாலைகளால் மட்டும் நிலைபெறுவதில்லை. நல்லவர்களின் உயர்ந்த கைகளும் அதற்குத் தூண்களாகின்றன. தம் வாழ்நாளெல்லாம் எந்த ஏழை மக்களின் வீட்டுக்கும் உணவுக்கும் உழைத்தாரோ, அம்மக்களின் பெயராலேயே அவருடைய மரணம் கோரப்பட்டது.

ஜூன் 8ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மிலதா, கலாந்தரா, யான் புகல், ஓல்ட்ரிக் பெட்சல் ஆகிய நால்வர்க்குத் தூக்கு. நால்வர்க்கு வாழ்நாள் சிறை. ஏனைய ஐவர்க்குப் பதினைந்து முதல் இருபத்தெட்டு ஆண்டுச் சிறை. முதியவராகிய ஸெமினோவாவுக்கு இருபது ஆண்டு. அறிஞர் ஐன்ஸ்டைன், எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார், சர்ச்சில் முதலானோர் உயிர்ப் பிச்சை வேண்டிக் கோட்வால்டுக்கு எழுதினர். பாரிஸ் நகரில் கவிஞர் பிரெதோன், தம் பழைய நண்பரும் கம்யூனிஸ்டுமாகிய கவிஞர் எலுவாரிடம், முன்பு தங்களுக்குத் துணைநின்ற கலாந்தராவுக்காகக் குரல் கொடுக்குமாறு பகிரங்கக் கடிதம் எழுதினார். தாம் குற்றமற்றோர் என்று முழங்குவோருக்காகப் பாடுபடுவதற்கே தமக்கு நேரம் போதவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்காகக் கவலைப்பட நேரமில்லை என்ற பொருளில் எலுவார் விடை கூறிவிட்டார். கவிதையின்பால் பற்றுடைய நமக்கு இது கசப்பான செய்தி. நல்ல கவிஞர் எல்லா வேளைகளிலும் நல்ல சான்றாளராக இருப்பதில்லை. கோட்வால்ட் நால்வரின் தண்டனையையும் உறுதி செய்து கையெழுத்திட்டார்.

ஜூன் 26ஆம் நாள் மாலை, மகளும் தங்கையும் தங்கையின் கணவரும் சிறையில் அவரைக் காண இசைவு அளிக்கப்பட்டது. தாயும் மகளும் தழுவிக்கொள்ளக் காவலர் விடவில்லை. அந்நாள்களில் அவர் குடும்பத்தாருக்குக் கடிதங்கள் எழுதினார். கணவருக்கு, மாமியாருக்கு, தந்தைக்கு, தங்கைக்கு, மகளுக்கு எனத் தனித்தனியே எழுதிய அக்கடிதங்களில் அழுகை இல்லை. மகளுக்கு அவர் கூறியவை வீரவுரைகளும் அல்ல. ஒரு தாய் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கூறவேண்டியவற்றை ஓரிரவில் கூற முயன்ற அறிவுரைகள். படிப்பு, தொழில், நல்ல நண்பரைத் தெரிந்தெடுத்தல், உடுத்தும் உடையில் கவனம், வாழ்க்கையின் அழகைக் காணும் கண் ஆகியவற்றைப் பற்றி எழுதினார். தோல்வியடைவது இழிவன்று, போராடாது பணிவதே இழிவு என்னும் எண்ணம் அக்கடிதங்களில் இழையோடுகிறது. தம் சாவுக்காக எவரையும் வெறுக்க வேண்டாம் என்ற பெருந்தன்மையும் அவற்றில் உண்டு.

1950 ஜூன் 27ஆம் நாள் அதிகாலை, பான்கிராட்ஸ் சிறைமுற்றத்தில் நால்வரும் தூக்கிலிடப்பட்டனர். பத்தாண்டுகளுக்கு முன்பு கெஸ்டபோ அவரைப் பூட்டி வைத்ததும் இதே சிறையில்தான். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. உடல் குடும்பத்தாரிடம் தரப்படவில்லை.

இவ்வழக்கைத் தொடர்ந்து நாடெங்கும் கிளை வழக்குகள் நடந்து, அறுநூறுக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். பிறகு அந்த எந்திரம் தன்னை இயக்கியோரையே விழுங்கத் தலைப்பட்டது. மிலதாவைத் தூக்குக்கு அனுப்பிய அரசு வழக்குரைஞர் யோசப் உர்வாலெக்கே 1952 நவம்பரில், கம்யூனிஸ்டுக் கட்சியின் முன்னாள் பொதுச் செயலாளர் ருடால்ஃப் ஸ்லான்ஸ்கி முதலிய பதினால்வர் மீதும் குற்றஞ்சாட்டினார். அவர்களும் பாடம் ஒப்பித்தனர். பதினொருவர் தூக்கிலிடப்பட்டனர்.

1968இல் பிராக் வசந்தம் என்று கூறப்படும் சிறிது காலத் தளர்ச்சியின்போது, மிலதா மீதான தீர்ப்பு செல்லாது என அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டு 21ஆம் நாள் வார்சா உடன்படிக்கை நாடுகளின் படைகள் நுழையவே, முழு நீதி மீண்டும் இருபதாண்டு தள்ளிப்போயிற்று. அவ்வாண்டில்தான் யானா அமெரிக்கா சென்று, பத்தொன்பது ஆண்டுகளாகக் காணாத தந்தையை அடைந்தார். 1989இல் ஆட்சி மாறியபின், 1990இல் அம்மையார் முற்றிலும் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். மறு ஆண்டு குடியரசின் உயர்விருதாகிய மசாரிக் விருது அவர் பெயரால் வழங்கப்பட்டது. 2004 முதல் ஜூன் 27ஆம் நாள் கம்யூனிஸ்டு ஆட்சியில் மாண்டோரின் நினைவு நாளாகப் போற்றப்படுகிறது. வழக்கில் அரசுத் தரப்பில் பேசிய லுட்மிலா பிரோழோவா என்னும் பெண்மணி, தம் முதுமையில், 2008இல், ஆறாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். 2010இல் குடியரசுத் தலைவரால் மன்னித்து விடுவிக்கப்பட்டார். முதிர்ந்த வயதினருக்குக் காட்டப்பட்ட அக்கருணையைத் தவறு என்று நான் கருதவில்லை. ஸெமினோவா அம்மையாருக்கும் முதுமை இருந்தது என்பதை மட்டும் குறிப்பிட்டு அமைகிறேன்.

பிராக் நகரின் விஷெஹ்ராட் இடுகாட்டில் அவருக்கு ஒரு கல்லறை உள்ளது. அதனுள் அவர் உடல் இல்லை. இறுதி நாள்களில் எழுதிய கடிதங்களை உரியவர்க்கு அனுப்பாமல் அதிகாரிகள் ஆவணக் கட்டுகளில் சேர்த்துப் பூட்டி வைத்திருந்தனர். அவை 1990இல்தான் குடும்பத்தார் கைக்குக் கிட்டின. கணவர் போஹுஸ்லாவ் 1976இலேயே அமெரிக்காவில் மறைந்துவிட்டார். பதினாறு வயது மகளுக்கென்று எழுதப்பட்ட அறிவுரைகளை, தாய் மாண்ட வயதையும் கடந்துவிட்ட யானா நாற்பதாண்டுகள் கழித்துப் படித்தார்.